மதிப்பெண் குறைந்தால் பல்கலைக்கழகக் கதவு அடைபடுமா?

(பொன்விழா ஆண்டின் தொடக்கத்தில், சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில், சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



 

வழக்கமாக இந்த மேடையில் நாங்கள் பேசுவது பரிசளிப்பு விழாவில்தான். அன்றைக்கு ஏ1 வாங்கிய பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். இன்று வேண்டுமென்றே அந்த விழாவுக்கு முன்பே உங்களை அழைத்தோம். மதிப்பெண் எதிர்பார்த்தபடி வராத பிள்ளைகளுக்காகவும், அவர்களுடைய அத்தா அம்மாவுக்காகவும்தான் இந்தக் கூட்டம். அந்தக் குடும்பங்கள் பரிசளிப்பு விழாவுக்கு வருவதில்லை. வந்தாலும் பின்னால் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏன் இப்படி ஒரு கூட்டம் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவருடைய மகன் சாதாரண நிலைத் தேர்வு எழுதினான். அவனுடைய அக்கா தொடக்கக் கல்லூரிக்குப் போனவள். வீட்டில் தெரிந்த பாதை அது ஒன்றுதான். மகனுடைய மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார்கள். தொடக்கக் கல்லூரிக்கு வேண்டிய கணக்கு வரவில்லை. "சரி, படிப்பு வரலை. ஒரு வருஷம் மாமா கடையில இரு, பிறகு பார்ப்போம்" என்று அத்தா சொன்னார். பையன் ஒன்றும் பேசவில்லை. வெளியே யாரிடமும் சொல்லவும் இல்லை. யாராவது கேட்டால், "பரவாயில்ல, பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான்.

உண்மையில் அவனுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான கணக்கில் 24 புள்ளிகள். அங்கே சேரத் தகுதி 26. அவன் உள்ளே போயிருக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாள்கள் ஐந்தோ ஆறோதான். அந்த நாள்கள் வீட்டின் மௌனத்திலேயே கழிந்துவிட்டன.

அந்த மாதமே நம் பரிசளிப்பு விழா நடந்தது. அவன் வந்திருந்தான். மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டதும், விழா முடிந்து அடுக்கி வைத்ததும் அவனும் அவனுடைய கூட்டாளிகளும்தான். கல்விக் குழுவில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தோம். அவனிடம் தேநீர் வாங்கிக் குடித்தோம். "தம்பி, உனக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் ஓராண்டு கடையில் நின்றான். பிறகு தேசிய சேவை. அங்கே உடனிருந்த ஒரு நண்பன் அவனுடைய மதிப்பெண்ணைக் கேட்டு, கணக்குப் போட்டு, "டேய், நீ பாலிக்குப் போகலாமே!" என்று சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதே பழைய மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பித்துச் சேர்ந்தான். பட்டயம் பெற்றான். ஓராண்டு வேலை பார்த்தான். 2020ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பல்கலைக்கழக இடமும் கிடைத்தது. பட்டம் பெற்ற பிறகு எங்களைப் பார்க்க வந்தான்.

வந்தவன் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் காரணம் இல்லை. "மாமா, அன்னிக்கு நாற்காலி போட்டேனே, யாராவது ஒருத்தர் எத்தனை புள்ளின்னு கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான். அவ்வளவுதான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

கணக்குப் பார்த்தால் அவன் இழந்தது இரண்டு ஆண்டுகள்தான். வாழ்க்கையில் இரண்டு ஆண்டு பெரிதல்ல என்று சொல்லலாம். ஆனால் "நான் படிப்புக்கு லாயக்கில்லாதவன்" என்ற எண்ணத்தோடு ஒரு பதினேழு வயதுப் பிள்ளை இருபது வயதுவரை நடந்திருக்கிறான். அதற்கு என்ன கணக்கு போடுவது?

இனி கேள்விக்கு வருவோம். பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பல்கலைக்கழக வாய்ப்பு குறையுமா?

குறையாது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நாங்கள் விரும்பவில்லை. குறையும். ஆனால் நம் வீடுகளில் நினைத்துக்கொள்ளும் விதத்தில் அல்ல.

சாதாரண நிலைத் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ1 என்றால் 1 புள்ளி, எஃப்9 என்றால் 9 புள்ளி. கூட்டுத்தொகை குறையக் குறைய நல்லது. தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடங்களைக் கூட்டி 20க்குள் இருக்க வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு ஆங்கிலம் உட்பட ஐந்து பாடங்கள்தான் கணக்கு. பெரும்பாலான படிப்புகளுக்கு 26க்குள், தாதிமைப் படிப்புக்கு 28க்குள் இருந்தால் போதும். இரண்டும் வெவ்வேறு கணக்கு. ஒன்றில் தகுதி இல்லை என்பதற்காக மற்றதிலும் இல்லை என்று ஆகாது. இந்த ஒரு செய்தி தெரியாமல்தான் அந்தப் பையனின் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆகவே குறைந்த மதிப்பெண் முதலில் பாதிப்பது அடுத்த படியைத்தான். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை அது முடிவு செய்கிறது. விரும்பிய படிப்பு கிடைக்காமல் போகலாம். பாதை நீளலாம். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்கும் அடுத்த படியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேல்நிலைத் தேர்வு எழுதியவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் மேல்நிலைத் தேர்வின் புள்ளிகளைத்தான் கூட்டுகிறார்கள். முன்பு அது 90 புள்ளிக் கணக்கு. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் 70: மூன்று முக்கியப் பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழிப் பாடமும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படும். தமிழில் நன்றாகச் செய்யும் நம் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும். சரியாகச் செய்யாவிட்டாலும் அது கீழே இழுக்காது.

பட்டயம் முடித்தவர் விண்ணப்பித்தால் பார்ப்பது அவருடைய பட்டயப் படிப்பின் தர சராசரி. முன்பு பெரிய பல்கலைக்கழகங்களில் இந்தச் சராசரிக்கு 80 விழுக்காடும், பழைய சாதாரண நிலைத் தேர்வுக்கு 20 விழுக்காடும் கொடுத்து வந்தார்கள். அதாவது பதினாறு வயதில் எழுதிய தேர்வு இருபது வயதிலும் கூடவே வந்தது. 2020ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அந்த 20 விழுக்காடு இல்லை. சாதாரண நிலைத் தேர்வின் வேலை பட்டயப் படிப்பின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

இதைப் பெற்றோர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்பது நல்ல செய்தி. அதே கணக்கு முதல் பருவத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறது என்பது எச்சரிக்கை. "பாலிதானே, சமாளிச்சிடுவான்" என்று இருந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டால் சராசரியைத் தூக்குவது கடினம். முதலாண்டில் கோட்டைவிட்டு, கடைசியில் மிகச் சிறிய வித்தியாசத்தில் இடம் இழந்த பிள்ளைகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லும்போது நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 1992இல் அது தொடங்கிய காலத்தில் இருந்த எண்ணம் இன்னும் நம் மனத்தில் இருக்கிறது. இன்று சைமையிலும் அங் மோ கியோவிலும் சுவா சூ காங்கிலும் உள்ள அந்த மூன்று கல்லூரிகளுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே உயர் நைட்டெக் படிப்பில் நன்றாகச் செய்தால் பட்டயப் படிப்புக்கு வழி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பட்டயமும் இருக்கிறது. வழக்கநிலைத் தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளைகள் பட்டயப் படிப்புக்குச் செல்ல 2013 முதலே தனி வழிகள் திறக்கப்பட்டிருக்கின்றன. பாதை நீளம்தான். பாதையே இல்லை என்பது பொய்.

அடுத்து, பட்டியலைப் படிக்கும் விதம். பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் விவரத்தை வெளியிடுகின்றன. அதில் இரண்டு எண்கள் இருக்கும். சேர்ந்தவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நூற்றுக்குக் கீழிருந்து பத்தாவது இடத்தில் இருப்பவர் பெற்றது ஓர் எண். தொண்ணூறாவது இடத்தில் இருப்பவர் பெற்றது இன்னோர் எண். பல பெற்றோர் முதல் எண்ணைக் குறைந்தபட்சத் தகுதி என்று எடுத்துக்கொண்டு, "நமக்கு இல்லை" என்று தாளை மூடிவிடுகிறார்கள். அது நுழைவுக் கோடு அல்ல. அதற்குக் கீழேயும் பத்தில் ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள். அதோடு அது போன ஆண்டுக் கதை. இந்த ஆண்டு எத்தனை பேர் கேட்கிறார்களோ அதைப் பொறுத்து மாறும்.

அப்படிக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எப்படி உள்ளே போனார்கள்? மதிப்பெண் மட்டுமல்லாமல் நாட்டத்தையும் ஈடுபாட்டையும் பார்த்துச் சேர்க்கும் முறை நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தேர்வு முடிவுக்கு முன்பே நாட்டத்தைப் பார்த்து இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கை உண்டு. இணைப்பாட நடவடிக்கையில் சிறப்பாகச் செய்த பிள்ளைக்குக் கூட்டுத்தொகையில் இரண்டு புள்ளிகள் வரை சலுகை கிடைக்கிறது.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். போன நோன்பு மாதத்தில் நம் இளையர் பிரிவுப் பிள்ளை ஒருத்தி விண்ணப்பப் படிவத்தை எங்களிடம் காட்டினாள். சமூகத் தொண்டு என்ற இடம் காலியாக இருந்தது. "ஏம்மா, மூணு வருஷமா நோன்புக் கஞ்சி விநியோகத்துக்கு நீதானே பட்டியல் போட்டு, ஆள் பிரிச்சு, எந்த புளோக்குக்கு எத்தனை பாத்திரம்னு கணக்கு வச்சே?" என்று கேட்டோம். "அது கஞ்சிதானே மாமா, அதையெல்லாமா எழுதுவாங்க?" என்றாள். முப்பது நாளும் தவறாமல், நேரம் பிசகாமல், தன் வயதுப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கிய ஒருத்தி, அதைத் தொண்டு என்றே நினைக்கவில்லை! பொறுப்புக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? எழுதுங்கள். இல்லாததை எழுத வேண்டாம். இருப்பதை விடவும் வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு மதிப்பெண்ணும் மிக உயர்வாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நேர்காணலும் தேர்வும் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வழியும் திறந்திருக்கிறது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இங்கே மருத்துவ இடம் கிடைக்காத ஆற்றாமையில், யாரோ ஒரு முகவர் சொன்னார் என்று வெளிநாட்டுக் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத கல்லூரியில் படித்துவிட்டு வந்தால் இங்கே மருத்துவராகப் பதிவு செய்வதில் பெரும் சிக்கல். உம்மாவின் நகையை விற்ற பிறகு அந்தப் பட்டியலைத் தேடுவதில் பயனில்லை. உள்ளூர்த் தனியார் பட்டப் படிப்புகளுக்கும் இதே எச்சரிக்கைதான். பணம் கட்டும் முன், அந்தப் பட்டத்தை யார் ஏற்கிறார்கள், முடித்தவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

தேர்வை மீண்டும் எழுதலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. எழுதலாம். ஆனால் "எல்லாவற்றையும் இன்னொரு தடவை" என்று போகாமல், எந்தப் பாடம் எந்தப் படிப்புக்குத் தடையாக இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஆண் பிள்ளை என்றால் தேசிய சேவை ஒத்திவைப்பு கிடைக்குமா என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆண் பிள்ளை என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மதிப்பெண். மகனுக்கு, "இன்னொரு தடவை எழுதுடா, செலவைப் பத்திக் கவலைப்படாதே." மகளுக்கு, "போதும்மா, வீட்டோட இரு." இப்படி நம் குடும்பங்களில் நடந்திருக்கிறது, இன்றும் சில இடங்களில் நடக்கிறது. மகள் முடியாது என்று நினைத்ததால் நின்றாளா, கேட்கவே இல்லை என்பதால் நின்றாளா என்று ஒருமுறை அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

நம் முன்னோர்களை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். 1946இல், போர் ஓய்ந்த மறு ஆண்டு, தஞ்சோங் பகாரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்து வாழ்ந்த சமூகம் அது. பள்ளி நடத்தியவர்களில் பலர் தாங்கள் அதிகம் படிக்காதவர்கள். பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்ட அந்தப் பள்ளியின் பெயரை உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தப் பள்ளியில் சேர வந்த பிள்ளையிடம், "நீ கெட்டிக்காரனா?" என்று கேட்டா சேர்த்தார்கள்? வந்த பிள்ளைக்கு இடம் கொடுத்தார்கள். ஐம்பதாண்டு கண்ட நம் சங்கம், வந்த பிள்ளையை விட்டுவிட்டு வென்ற பிள்ளைக்கு மட்டும் மாலை போடும் சங்கமாக ஆகிவிடக் கூடாது.

எனவே கல்விக் குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. இன்று தொடங்கி, விண்ணப்பத் தேதி முடியும்வரை ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பின் இதே மண்டபத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். தேர்வு முடிவுத் தாளோடு வாருங்கள். எங்களோடு தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆகிய மூன்று வழியிலும் போன நம் இளையர்கள் இருப்பார்கள். கூட்டுச் சேர்க்கைப் படிவத்தில் 12 தெரிவுகள் கொடுக்கலாம். பன்னிரண்டையும் யோசித்து நிரப்புவோம். இரண்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டாம். ஒருவருடைய மதிப்பெண் இன்னொருவருக்குத் தெரியாமல் தனித்தனியாகத்தான் பேசுவோம். அது எங்கள் பொறுப்பு, அமானிதம்.

இந்த ஆண்டு முதல் பரிசளிப்பு விழாவில், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறிய பிள்ளைகளையும் மேடைக்கு அழைப்போம். வழக்கநிலையிலிருந்து பட்டயத்துக்கு, உயர் நைட்டெக்கிலிருந்து பட்டயத்துக்கு, பட்டயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர்கள், வேலை பார்த்துக்கொண்டே முப்பது வயதில் பட்டம் பெற்றவர்கள், எல்லாரும் அதில் அடக்கம். ஏ1 வாங்கியவர்களுக்கான பரிசு அப்படியே இருக்கும். அவர்களுடைய உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

நாற்காலி போட்ட அந்தப் பிள்ளையை இன்று பேச அழைத்தோம். "மேடை வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டான். ஆனால் வந்திருக்கிறான். அதோ, மண்டபத்தின் பின்பக்கம் இருக்கும் மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் அவன். இன்று மாலை உங்கள் பிள்ளையின் புள்ளிகளைக் கேட்கப் போகிறவர்களில் அவனும் ஒருவன்.

பெற்றோர்களே, விண்ணப்பத்துக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. கோபப்பட வேண்டியதிருந்தால் அடுத்த வாரம் கோபப்படுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டியதிருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். இந்த வாரம் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். பதில் உடனே வராது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மறுபடி கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

 தேநீர் பின்பக்கம் இருக்கிறது. மேசையும் அங்கேதான் இருக்கிறது.